மைசூர்த் திடலில் ஒரு மாலை

சென்ற கார்த்திகைத் திங்களில் நாமும் சங்கப் பொருளாளரும் மைசூருக்குச் சென்றிருந்தோம். அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நேரிற் கண்டு, நம் சங்கத்தில் உறுப்பினராகச் சேருமாறு வேண்டுவதே பயணத்தின் நோக்கம். கையில் சந்தாப் புத்தகம் ஒன்றும் உறுப்பினர் படிவங்கள் இருபதும் கொண்டு சென்றோம். அவற்றுள் ஏழு நிரம்பின. அந்த ஏழு குடும்பங்களின் பெயர்களைச் சங்கச் செய்திப் பகுதியில் காணலாம். நிரம்பாமல் திரும்பிய ஒரு படிவத்தைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம்.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இருப்புப்பாதை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளமுடையது. இராமநகரத்துப் பாறைக் குன்றுகளும், மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சென்னபட்டணமும், மண்டியாவின் கரும்புத் தோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியதும் வண்டி காவிரியைத் தாண்டியது. மேட்டூரையும் திருச்சியையும் காணப் போகும் நீரல்லவா இது! பொருளாளர் தம்மையறியாமல் கை கூப்பினார். சிறிது நேரத்தில் சாமுண்டி மலை தோன்றியது. மைசூர் வந்துவிட்டது என்று பெட்டியில் இருந்தோர் மூட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினர்.

நாங்கள் இறுதியாகச் சென்ற இல்லம், கல்லூரி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடையது. அம்பாசமுத்திரத்துக்காரர். 1969-ஆம் ஆண்டில் வேலை தேடி மைசூருக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். வெண்கலத் தம்ளரில் காபி தந்து உபசரித்தார். படிவத்தை மேசைமேல் வைத்தோம். அதன்மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைத்துவிட்டு, "படிவம் எங்கும் போய்விடாது, தம்பி. வெயில் தாழ்ந்துவிட்டது. சிறிது நடந்துவிட்டு வருவோம்" என்று எழுந்தார்.

அவர் அழைத்துச் சென்ற இடம் மகாராஜா கல்லூரியைச் சேர்ந்த ஓவல் திடல். எதிரே பல்கலைக்கழகத்தின் அலுவலகமாகிய கிராபர்டு மண்டபம் வெண்ணிறத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கப்பால் குக்கரஹள்ளி ஏரி. திடலில் ஐந்தாறு கூட்டமாய்ச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு கூட்டத்தின் பந்து மற்றொரு கூட்டத்தின் எல்லைக்குள் ஓடுவதும், அங்குள்ளவன் அதனை எடுத்தெறிவதுமாக, ஒருவருக்கொருவர் இடையூறின்றி ஆட்டம் நடந்தது.

"இந்தப் பிள்ளைகளில் எவரும் எந்த லீகிலும் பதிவு செய்துகொண்டவர்கள் அல்லர். மாலை வந்தால் ஆட்டமும் வந்துவிடுகிறது" என்றார் பெரியவர். பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கியைப் பார்த்திருக்கிறீர்களா?"

இல்லையென்றோம். அவருடைய பேத்தி அமெரிக்காவின் வடகோடியில், அலாஸ்கா மாநிலத்துப் பேர்பேங்க்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறாளாம். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம் மைசூரில் மறுநாட்காலை ஒன்பதரைக்கு வரும். பேத்தி பார்க்கும் ஆட்டத்தைத் தாமும் பார்க்க வேண்டுமென்று, காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கைபேசியின் முன் அமர்ந்துவிடுவாராம். விளையாட்டே தொழிலாய் வாழ்ந்தவராதலின், அவர் சொன்ன செய்திகள் கதைபோல் இனித்தன.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் தனித்தனியே ஆடுவதில்லை. அருகருகே உள்ள கல்லூரிகள் சில சேர்ந்து ஒரு லீக் அமைத்துக்கொள்ளும். அதனை அங்கே 'கான்பரன்ஸ்' என்பர். ஐஸ் ஹாக்கியில் ஆடவர் முதல்தரப் போட்டிக்கு அத்தகைய லீகுகள் ஆறு உண்டு. ஒவ்வொன்றிலும் வாகை சூடும் அணி, 16 அணிகள் கலந்துகொள்ளும் தேசியப் போட்டிக்குத் தானாகவே தகுதி பெறும். எஞ்சிய இடங்கள் தரவரிசைப்படி நிரப்பப்படும். லீகில் இல்லாத அணிக்கு அந்த இரண்டாம் வாயில் ஒன்றே வழி.

அலாஸ்காவின் இரு பல்கலைக்கழகங்களும் முன்பு ஒரு லீகில் இருந்தன. அந்த லீகிலிருந்து ஏழு கல்லூரிகள் 2021-ஆம் ஆண்டில் விலகித் தமக்கெனப் புதிய லீக் அமைத்துக்கொண்டன. தொலைவும் பயணச் செலவும் முக்கியக் காரணங்கள். பழைய லீகும் அத்தோடு கலைந்தது. அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் அணி, சேர்த்துக்கொள்வார் இன்றி அவ்வாண்டே ஆட்டத்தை நிறுத்தியது. பேர்பேங்க்ஸ் அணி லீக் இன்றியே ஆடத் துணிந்தது.

"துணிவதோடு முடியவில்லை. தை, மாசித் திங்கள்களில் மற்ற அணிகளெல்லாம் தத்தம் லீக் ஆட்டங்களில் மூழ்கிவிடும். அப்போது இவர்களோடு ஆட எவருக்கும் நாள் ஒழியாது. யாரேனும் அழைத்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் வானில் பறந்து சியாட்டிலை அடைந்து, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் போய் ஆடவேண்டும். 2022-23 பருவத்தில் 22 ஆட்டங்களை வென்றார்கள். அப்படியிருந்தும் தேசியப் போட்டியின் வாயிற்படியில் நின்றுவிட்டார்கள். பேத்தி அன்று தொலைபேசியில் அழுதாள்" என்றார்.

அங்கரேஜ் நகரத்து அணியின் கதை இன்னும் உருக்கமானது. பணமுடையால் அந்த அணியையே கலைத்துவிடப் பல்கலைக்கழகம் 2020-இல் முடிவு செய்தது. ஊர்மக்கள் அதனை ஏற்கவில்லை. 30 இலட்சம் டாலர் திரட்டினால் அணி பிழைக்கும் என்று கூறப்பட்டது. பழைய மாணவரும் பொதுமக்களும் நன்கொடை சேர்த்து, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அத்தொகையைக் காட்டினர். 2022-இல் அணி மீண்டும் பனியில் இறங்கியது. லீக் இல்லாத அணியாகவே இறங்கியது.

பாலைவன மாநிலமாகிய அரிசோனாவின் அணியோ 2015-இல் முதல்தரப் போட்டிக்கு வந்து, எந்த லீகையும் சாராமலே 2019-இல் தேசியப் போட்டிக்குத் தேர்வாயிற்று. கொள்ளைநோய் பரவிய 2020-21 பருவத்தில், தன் ஊரில் ஓர் ஆட்டமும் ஆடாமல், எல்லா ஆட்டங்களையும் பிறர் ஊர்களிலேயே ஆடித் தீர்த்தது. 2024-ஆம் ஆண்டில்தான் அதற்கொரு லீக் இடம் கொடுத்தது.

"பிறர் ஊரிலேயே எல்லா ஆட்டமும்" என்று பொருளாளர் மெல்லத் திரும்பச் சொன்னார். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அச்சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

பெரியவர் திடலோரத்து மரத்தடியில் அமர்ந்தார். "மைசூரின் கதையையும் கேளுங்கள். நம் நாட்டு ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தை ஆடியவர்கள் யார் தெரியுமா? சென்னையும் மைசூரும்தாம். 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூர் 48 ஓட்டத்துக்கும் 59 ஓட்டத்துக்கும் சுருண்டது. சென்னை ஒருமுறை ஆடி எடுத்தது 130. நம்மவர் ஏ. ஜி. ராம்சிங் பதினொரு பேரை வீழ்த்தினார். காலையில் தொடங்கிய ஆட்டம் மாலைக்குள் முடிந்துபோயிற்று" என்று கூறிச் சிரித்தார்.

"எவ்வளவு அவமானமாய் இருந்திருக்கும்!" என்றோம்.

"இருக்கட்டுமே. மறு ஆண்டும் அவர்களுக்கு அழைப்பு வந்ததல்லவா? லீக் தருவது கோப்பை அன்று, தம்பி. அடுத்த ஆட்டத்துக்கான தேதி. தோற்றவனுக்குத்தான் அது மிகவும் வேண்டும். மைசூர் என்ற பெயர் கர்நாடகம் என்று மாறிய 1973-74 பருவத்தில், பதினைந்து ஆண்டு தொடர்ந்து கோப்பையைக் கையில் வைத்திருந்த பம்பாயை வென்று, இவர்கள் முதன்முறையாக வாகை சூடினார்கள். ஒரே நாளில் தோற்றவர்களை அன்றே ஒதுக்கியிருந்தால் இது நடந்திருக்குமா?"

திடலிலிருந்து சிறு தொலைவிலுள்ள யாதவகிரியில்தான் எழுத்தாளர் ஆர். கே. நாராயண் வாழ்ந்த வீடு இருக்கிறது. இடிபடவிருந்த அவ்வீடு காப்பாற்றப்பட்டு, 2016-இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. அவரும் நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளையே. சென்னையில் பிறந்தவர்; தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராய் இருந்தமையால் இங்கு வந்து, மகாராஜா கல்லூரியில் பயின்று, 1930-இல் பட்டம் பெற்றார். 1935-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில், சுவாமிநாதனும் அவன் தோழரும் மால்குடி கிரிக்கெட் கிளப் என்றோர் அணி தொடங்குகிறார்கள். சென்னைக் கடைக்கு மட்டையும் பந்தும் கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். அணி வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டுமோ என்று அஞ்சுகிறார்கள்.

பெரியவர் அந்நூலையும் விடவில்லை. "அந்தப் பிள்ளைகள் ஒரே ஓர் ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். சுவாமிநாதன் அன்று வந்து சேரவில்லை, அணி தோற்றது. ராஜம் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டான். மறு வாரம் இன்னோர் ஆட்டம் இருந்திருந்தால் நட்பு முறிந்திருக்காது என்று நான் எண்ணுவதுண்டு" என்றார்.

இதுவே தக்க தருணமென்று நாம், "அப்படியானால் ஐயா சங்கத்தில் சேரலாமே!" என்றோம்.

அவர் உடனே விடை கூறவில்லை. ஏரிப் பக்கமிருந்து பறவைகள் கூட்டமாய்த் திரும்பிக்கொண்டிருந்தன. பின்னர், எங்கள் முகத்தைப் பாராமலே பேசினார்.

"மைசூருக்கு வந்த புதிதில், வேறோர் ஊரிலிருந்த ஒரு சங்கத்தில் சேரச் சென்றேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். ஊரைக் கேட்டார்கள், சொன்னேன். தெருவைக் கேட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் நான் எந்தத் தெரு என்று தெரிந்தால் அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா? படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றுமுதல் லீக் இல்லாமலே ஆடுகிறேன். கன்னடம் கற்றேன். எதிர்வீட்டு அம்மா என் மனைவிக்கு உடன்பிறந்தாள் போல இருந்தார். மூன்றாண்டுக்கு முன் மனைவி இறந்தபோது, பத்து நாளும் அவர்கள் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பி, அன்று ஒப்பாரி சொல்ல ஒரு குரல் இல்லை. அவளுக்கு எங்கள் ஊர்ப் பாட்டு அத்தனையும் தெரியும். எத்தனையோ பேருக்குப் பாடியவள் அவள். அவளுக்குப் பாட ஒருவரும் இல்லை."

நாங்கள் பேச்சற்று இருந்தோம். இருட்டும் வேளையில் சிறுவர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு, "நாளே பர்த்தீயா?" என்று ஒருவரையொருவர் கேட்டபடி கலைந்தனர். நாளை வருவாயா என்பதே அதன் பொருள்.

வீடு திரும்பியதும் மேசைமேலிருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தோம். ஆண்டுக்கணக்காக நாமே அச்சிட்டு வழங்கும் படிவந்தான். அதில் பெயருக்குக் கீழே 'பூர்விகம்: ஊர், தெரு' என்றொரு கட்டம் இருப்பது அன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. யாரும் தீய எண்ணத்தோடு சேர்த்ததன்று. பழைய படிவத்தைப் பார்த்துப் புதிய படிவம் அச்சிட்டு வந்திருக்கிறோம். பொருளாளர் அதனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெரியவரும் கேட்கவில்லை, நாங்களும் நீட்டவில்லை.

வாயில்வரை வந்து வழியனுப்பியபோது அவரே கூறினார்: "அலாஸ்கா அணிகள் ஓர் ஏற்பாடு செய்வதுண்டு. நீ என் ஊருக்கு ஒருமுறை வா, நான் உன் ஊருக்கு ஒருமுறை வருகிறேன் என்று நாள் குறித்துக்கொள்வார்கள். அதற்கு லீக் வேண்டியதில்லை. நீங்கள் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பீர்களாமே? நான் வந்து நடத்தித் தருகிறேன். சித்திரையில் அவளுக்குத் திதி வருகிறது. பழைய பாட்டுத் தெரிந்த அம்மையார் யாரேனும் உங்கள் சங்கத்தில் இருந்தால், அன்று அழைத்து வாருங்கள்."

பொருளாளர் சந்தாப் புத்தகத்தின் பின்னட்டையில் இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டார்.

படிவத்திலுள்ள அந்தக் கட்டத்தை நீக்கவேண்டுமென்று செயற்குழுவின் முன் தீர்மானம் வைத்திருக்கிறோம். அது நிறைவேறும் என்று நம்புகிறோம். ஒப்பாரிப் பாட்டும் தாலாட்டும் அறிந்த தாய்மார்கள், சித்திரையில் எங்களோடு மைசூருக்கு வர இசைந்தால், அன்புகூர்ந்து பொருளாளருக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். வண்டிச் செலவு சங்கத்தைச் சேர்ந்தது.