படுவான்கரையில் இடியும் கச்சானும்

சித்திரை மாதத்தில் படுவான்கரைக்குப் போவதென்றால் காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. சமூகப் பணிக்காக அங்கு போகத் தொடங்கிய முதல் வருடம் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். இப்போது பாலத்தால் சில நிமிடங்களில் அக்கரை. அப்பால் வயல்வெளி. மரம் குறைவு, வரம்பில் நிற்கும் மனிதர்தான் உயரமாகத் தெரிவார்கள். மின்னல் காலத்தில் அதுவே ஆபத்து.

பங்குனி, சித்திரையில் வாடைக் காற்று ஓய்ந்துவிடும். தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கியிராது. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். காலை வெயிலில் நிலம் கொதிக்க, கடற்காற்று உள்ளே வந்து மேலெழுந்து முகிலாகி, பின்னேரத்தில் இடியோடு கொட்டும்.

அப்படியொரு பின்னேரம் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஓர் அக்காவின் வீட்டில் இருந்தேன். கணவரை யுத்தத்தில் இழந்தவர். முதல் இடி விழுந்ததும் அவர் மகனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வளவின் மூலையில் புளியமரம். அதன் அடியில், முன்பு பதுங்குகுழி இருந்த பள்ளம். நான் பின்னால் ஓடி, கெஞ்சி இருவரையும் உள்ளே கொண்டுவந்தேன். எனக்கும் கை நடுங்கியது.

"ஷெல் அடிச்சா வீட்டுக்குள்ள இரிக்கக் கூடாது எண்டுதானே பழகினம் மகள்," என்றார்.

நான் என்ன சொல்வது? யுத்தம் கற்றுக்கொடுத்தது மின்னலுக்கு நேர்மாறு. ஷெல்லுக்கு வெளியே குழி. மின்னலுக்கோ சுவருள்ள வீடுதான். தனி மரத்தடி, வயல்வெளி, குளம் எதுவும் கூடாது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இடி கேட்ட உடனேயே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. மின்னி மூன்று விநாடியில் இடி கேட்டால் அது ஒரு கிலோமீற்றர் தூரத்தில்தான். அன்று மகன் விநாடிகளை உரக்க எண்ணினான். எண்ண எண்ண அக்காவின் மூச்சும் கொஞ்சம் ஆறியது.

வைகாசி பிறந்து போனால் அதே ஊர் வேறு ஊர். தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி எங்களிடம் வருகின்றது. அதுதான் கச்சான். (கோயில் திருவிழாவில் வாங்கும் கச்சானுக்கும் இதுதான் பெயர். தின்னும் கச்சானை மட்டும் யாரும் திட்டுவதில்லை.) கிணறு அடிமட்டத்துக்குப் போகும். சில கிராமங்களில் தண்ணீர் பவுசருக்குக் குடத்தோடு காத்து நிற்பது பெண்கள்தான்.

அக்காவுக்குக் கச்சான் என்றால் 2007 தான். அந்த வருடம் பங்குனியில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தார்கள். கச்சான் தொடங்கியபோது அவர் முகாமில் இருந்தார். "கூடாரத்துக்குள்ள பகல்ல இரிக்க ஏலா. ஈரத் துணியால தம்பியப் போர்த்து வெச்சிருந்தன்," என்றார். ஈரத் துணியை விடச் சிறந்த முறையை நானும் படித்ததில்லை. இன்று ஜீவனி பக்கற்றும் மோரும் கையில் இருக்கின்றன; தகரக் கூரையின் மேல் கிடுகு போட்டால் உள்ளே எவ்வளவோ குறையும். தலை சுற்றி, வியர்வை நின்று, பேச்சுக் குழம்பினால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதே வைகாசியில்தான் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி. மதுரையை எரித்த அம்மனைக் குளிரவைக்கும் சடங்கு. வேப்பிலையால் தெளித்த குளிர்த்தித் தண்ணீர் முகத்தில் பட்டபோது, நகரத்தில் வளர்ந்த எனக்கும் ஏனோ கண் கலங்கியது. அக்கா பார்த்தும் பார்க்காதவர்போல் நின்றார்.

ஆனியில் மீண்டும் போனேன். கூரையில் கிடுகு ஏறியிருந்தது. புளியமரத்தடிப் பள்ளத்தை மகன் மண் போட்டு நிரப்பியிருந்தான். அதில் இரண்டு வாழைக்குட்டிகள். காற்று இலைகளைக் கிழித்திருந்தது.

"சட்டி பானை கழுவுற தண்ணியெல்லாம் இதுக்குத்தான்," என்றார் அக்கா. "புளிக்கு அடியில வாழ வருமோ தெரியா. பாப்பம்."