ஒற்றியூரில் கற்ற பனிச் சங்கிலி

வடசென்னையில் சங்கிலிக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்தில் பாரம் தூக்குவது ஒரு சங்கிலி. காசிமேட்டில் நங்கூரத்தைத் தாங்குவது ஒன்று. டிரெய்லரின் மேல் சரக்கை இறுக்கிப் பிடிப்பது மற்றொன்று. லாரிக்கும் குறைவில்லை. எண்ணூரில் அசோக் லேலண்டு ஆலை இருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னர் டயருக்குப் பெயர் பெற்றது. ஆயினும், டயரின் மீதே சங்கிலியைப் பூட்டும் வித்தையை இவ்வூரில் எவரும் அறிய வேண்டியதில்லை. மார்கழி விடியலில் கோயிலுக்குச் செல்ல ஒரு சால்வை போதும் என்னும் ஊர் இது.

ஒற்றியூரில் சங்கிலி என்றதும் அன்பர்களின் நினைவுக்கு வருபவர் சங்கிலி நாச்சியாரே. அவரைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது மகிழ மரத்தில் எழுந்தருளியிருக்குமாறு பெருமானிடம் அவர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். பெருமானோ நாச்சியாரின் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சத்தியம் கேட்கச் சொல்லிவிட்டார்! திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, சுந்தரர் ஊர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. இந்தக் கதை அவ்வூர்க் குழந்தைகளுக்கும் தெரியும்.

சந்நிதித் தெருவுக்கு அருகே வாழும் ஒரு குடும்பத்தில், சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கதை ஒரு வழக்கையே தீர்த்து வைத்தது. தந்தை இராணுவத்தில் சரக்கு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் கடனில் வாங்கிய லாரியைத் தானே ஓட்டினான். துறைமுக வாயிலில் நாள் கணக்கில் வரிசையில் நின்றதில் வருமானம் குறைந்து, மூன்று தவணைகள் பாக்கி விழுந்திருந்தன. அந்நேரத்தில் கார்கிலுக்கு இயந்திர உறுப்புகளை ஏற்றிச் செல்லும் வாடகை கிடைத்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். போய்ச் சேரும் காலம் கார்த்திகை.

அமரநாத யாத்திரைக்குப் பால்தால் வழியாகச் சென்றவர்கள், அங்கிருந்து மலையைக் கீறிக்கொண்டு மேலேறும் ஒரு பாதையைக் கண்டிருப்பார்கள். அதுவே 11,500 அடிக்கு மேல் உள்ள சோஜி லா கணவாய்க்குச் செல்லும் வழி. ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் அதலபாதாளம். பனிப்பொழிவு மிகும்போது கணவாயையே மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் நாட்களிலும், பனி விழுந்துவிட்டால் சங்கிலி பூட்டாத வண்டிக்கு அனுமதி கிடையாது.

தாய்க்கு இது தெரிந்ததும், "சங்கிலி போடாமல் மலை ஏற மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் வந்து சத்தியம் செய், ராசா" என்றார். தந்தை குறுக்கிட்டார்: "அந்த மரத்தடியிலா? சுந்தரமூர்த்தி சுவாமிகளாலேயே காப்பாற்ற முடியாத சத்தியம் அது. இவன் எந்த மூலைக்கு? வேண்டாம். சங்கிலி போடக் கற்றுக்கொள்ளட்டும்." தாயும் சிரித்துவிட்டார்.

பழைய இரும்புக் கடை ஒன்றில், கழிவுச் சரக்கோடு வந்த ஒரு ஜோடிச் சங்கிலி கிடைத்தது. பாதம் சுடும் புரட்டாசி வெயிலில், லாரி நிறுத்துமிடத்து மணலில் பாடம் தொடங்கியது. கயிற்று ஏணியை விரித்தாற்போல் அதைத் தரையில் பரப்ப வேண்டும். முறுக்கு இருத்தல் ஆகாது. குறுக்குக் கண்ணிகளின் முனைகள் வெளிநோக்கி இருக்க வேண்டும். உள்நோக்கினால் டயரைத் தின்றுவிடும். இஞ்சின் விசை செல்லும் பின்சக்கரத்தின் மேல் போர்த்தி, வண்டியைச் சற்றே நகர்த்தி, முதலில் உள்பக்கக் கொக்கி, பின்பு வெளிப்பக்கக் கொக்கி. உள்பக்கத்தை மாட்ட மண்ணில் படுத்தே ஆக வேண்டும். பத்து நிமிடம் ஓட்டியபின் மறுபடி இறக்கி இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி சாட்டையாகச் சுழன்று பிரேக் குழாயை அறுத்துவிடும்.

"நைனா, பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்" என்றான் மகன்.

"சிரிக்கட்டும். அங்கே விரல் மரத்துப் போகும். கண்ணை மூடிக்கொண்டு போடு" என்றார் தந்தை. உண்மையாகவே அவன் கண்களைத் துண்டால் கட்டினார். ஒரு சக்கரத்துக்கு முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்தாம் நாள் பன்னிரண்டு நிமிடம்.

குளிரில் ரப்பர் இறுகிவிடுகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் டயருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இரும்புக் கண்ணிதான் அதைக் குத்திப் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பிடிமானத்துக்கும் ஓர் அளவு உண்டு. மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாமல் தாழ்ந்த கியரில் ஊர வேண்டும். உலர்ந்த தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சங்கிலியும் டயரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெரும்பாலான ஓட்டுநர்கள் தவறுவது வேறோர் இடத்தில் என்பார் தந்தை. இன்னும் கொஞ்சம் ஏறிப் பார்க்கலாம் என்று சமதளத்தை விட்டுவிடுவார்கள்; சறுக்கிய பின் ஏற்றத்தில் நின்று பூட்ட வழியே இராது. தவணை பாக்கி உள்ளவனுக்கு அந்த அரை மணி நேரம் பெரிதாகத் தோன்றும்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில் மட்டுமே ஆதிபுரீசுவரரின் கவசம் நீக்கப்பெறும். அவ்வாண்டு தாய் அந்த வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்திய புற்று வடிவத் திருமேனியைத் தரிசித்தார். மகனிடமிருந்து இரண்டு நாட்களாகப் பேச்சில்லை. சோனமர்க்குக்கு அப்பால் கைப்பேசி எடுக்காது என்று கணவர் சொல்லியிருந்தும், பிரகாரத்தில் நான்கு முறை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அன்றிரவு ஒன்பது மணிக்குக் கார்கிலிலிருந்து அழைப்பு வந்தது. ஏற்றத்தில் முன்னே சென்ற லாரி ஒன்று சங்கிலியைத் தளர்வாகப் பூட்டியிருந்ததால் பக்கவாட்டில் சறுக்கிப் பாறையில் மோதி நின்றதாம். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பாதை விலகும்வரை ஐந்து மணி நேரம் பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் பனியில் நின்றன. இவன் அந்நேரத்தில் இரண்டு முறை இறங்கிச் சங்கிலியை இறுக்கியிருக்கிறான். பின்னால் நின்ற இராஜஸ்தான் ஓட்டுநர் ஒருவருக்கும் பூட்டிக் கொடுத்திருக்கிறான்.

தாய், சாப்பிட்டாயா என்று கேட்டார். தந்தை கைப்பேசியை வாங்கி, வண்டிக்கு ஏதேனும் ஆயிற்றா என்று கூடக் கேட்கவில்லை.

"எந்தக் கொக்கி முதலில்?"

"உள்பக்கம், நைனா."

"இறங்கும்போது?"

"மட்டாயினில் உலர்ந்த சாலை வந்ததும் கழற்றிவிட்டேன்."

"சரி, அம்மாவிடம் பேசு" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் வாசலுக்குப் போய்விட்டார்.