அலை மெலிந்த நாளில் அறுகம்குடா

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் பாதை கடலை விட்டு அதிக தூரம் விலகுவதில்லை. சென்ற சித்திரை விடுமுறையில் அப்பாதையிலே பிரயாணஞ் செய்த நாம், கல்முனையையும் அக்கரைப்பற்றையும் கடந்து திருக்கோவிலில் இறங்கி, சித்திர வேலாயுத சுவாமியை வணங்கிவிட்டுக் கோயிலருகிலுள்ள கடற்கரைக்குச் சென்றோம். கடல் துலக்கி வைத்த தாம்பாளம் போற் கிடந்தது. உடன் வந்த மருமகனின் முகம் வாடிவிட்டது.

"மாமா, இது கடலா, குளமா?" என்றான்.

அவனுடைய ஏக்கத்துக்குக் காரணம் உண்டு. நெடிய பலகையொன்றின் மேல் நிமிர்ந்து நின்று, நீண்ட துடுப்பொன்றினால் அதனைச் செலுத்தி, எழுந்துவரும் அலையின் முகத்திலே சறுக்கிக் கரைசேரும் விளையாட்டில் அவனுக்குப் பெருமோகம். மட்டக்களப்பு வாவியில் ஓராண்டாகத் துடுப்புப் பலகை பயின்றவன். ஆனால் வாவியில் அலை ஏது? அலைக்காக அறுகம்குடாவுக்குப் போக வேண்டுமென்று தாயை நச்சரித்து, ஒருவாறு அனுமதி பெற்றான். அனுமதியோடு இரண்டு நிபந்தனைகளும் வந்தன. மாமா கூடச் செல்ல வேண்டும். பெரிய அலை எழும் நாளில் நீரில் இறங்கவே கூடாது.

தமக்கையாரின் அச்சம் வீண் அச்சமன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எமது குடும்பத்தில் மூவரைக் கடல் கொண்டது. அன்றுமுதல் கடலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறோமேயன்றி, முழங்கால் நனைய அதில் இறங்கியதில்லை. கல்லூரியிலே ஆண்டுதோறும் அலைகளின் பௌதிகத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்குகிறோம். எழுதிய கையைக் கடலில் நனைக்க மட்டும் துணிவு வரவில்லை. காவலுக்கென்று சென்ற எமக்கு, அன்றைய கடலின் அமைதி உள்ளூர ஆறுதலாகவே இருந்தது என்பதை மருமகனிடம் நாம் சொல்லவில்லை.

திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரியும் இலங்கையின் கிழக்குக் கோடியாகிய சங்கமன்கண்டி முனையும், பின்னர் பொத்துவில். பொத்துவிலைத் தாண்டிக் களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் உல்லைக் கிராமமும் அறுகம்குடாவும் வந்துவிடும். ஆழிப்பேரலையின்போது பழைய பாலமும் கரையோர வீடுகளும் பட்ட பாட்டை அவ்வூரார் இன்னும் மறக்கவில்லை. இந்நாட்டில் அன்று மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே.

குடாவின் தெற்கு முனையில் ஒரு நிலக்கூர் கடலுக்குள் நீண்டிருக்கிறது. தென்சமுத்திரத்துப் புயல்களிற் பிறக்கும் நெடும் அலைகள் ஆயிரக்கணக்கான மைல்கள் ஓடிவந்து, இம்முனையைச் சுற்றி வளைந்து, தெற்கிலிருந்து வடக்காக ஒழுங்காய் உடைந்துகொண்டே செல்லும். உலகின் பல பாகங்களிலிருந்தும் அலைச்சறுக்கல் வீரர்கள் இங்கே வருவது இதற்காகத்தான். ஆனால் அப்பெருமையெல்லாம் வைகாசிக்குப் பின், கச்சான் வீசும் மாதங்களுக்கு உரியது. சித்திரையில் கடல் சோம்பற்பட்டுக் கிடக்கும். நாம் சென்ற வேளையில் முழங்காலளவு அலை, அதுவும் நினைத்துக்கொண்டாற்போல எப்போதாவது ஒன்று!

பலகைகளை வாடகைக்கு விடும் உல்லை இளைஞர் ஒருவரிடம் மருமகன் தன் குறையைச் சொன்னான். அவர் சிரித்தார்.

"தம்பி, கடல் சும்மா கிடக்கிற நாளிலதான் பழகணும். அலை பெரிசா வந்தா அது உங்களைத் தூக்கிக்கொண்டு போயிடும். நீங்க என்ன பிழை விட்டீங்க என்று உங்களுக்கே தெரியாது. சின்ன அலை ஒண்டும் தராது. எல்லாம் நீங்கதான் செய்யணும்." பிறகு எம்மைப் பார்த்து, "சேர், நீங்களும் இறங்குங்க" என்றார்.

நாம் மறுத்துவிட்டுத் தாழைப்பற்றையின் நிழலில் அமர்ந்தோம்.

துடுப்போடு நின்று அலைமேற் செல்லும் இந்த வித்தையை ஹவாய்த் தீவினர் தமதென்பர். வைக்கீக்கிக் கடற்கரையில் அலைச்சறுக்கல் கற்பித்த சிலர் 1950களுக்கு முன்பின்னாகவே துடுப்பேந்திப் பலகைமேல் நின்றனர். உயர நின்றால் வரும் அலையும் கற்கும் மாணாக்கரும் நன்றாகத் தெரிவார்களல்லவா? பின்னர் வழக்கொழிந்த அதனை 1990களின் நடுப்பகுதியில் மாவித் தீவில் லெயர்ட் ஹமில்டன், டேவ் கலாமா என்னும் இருவர் மீட்டெடுத்தனர். அவர்கள் தொடங்கியதும் அலை சிறுத்த நாளொன்றிலே என்று சொல்வதுண்டு. ஆயினும், மரங்களைப் பிணைத்து அதன்மேல் மண்டியிட்டோ நின்றோ துடுப்பு வலித்து அலை கடந்த எமது மீனவரை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் கடன்வாங்கிக்கொண்டது. சொல்லை ஈந்த நாம் துடுப்பைக் கைவிட்டு நிழலில் அமர்ந்திருந்தோம்!

மருமகன் அன்று காலை முழுவதும் அலைகளைத் தவறவிட்டான். கரையிலிருந்து நோக்கிய எமக்குக் காரணம் விளங்கத் தொடங்கியது. அரை மீற்றர் உயரமுள்ள அலை, ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் ஆழமுள்ள நீருக்கு வந்த பின்புதான் உடையும். அவ்விடத்தில் அதன் வேகம் மணிக்கு 9 கிலோமீற்றர் அளவு. துடுப்பு வலித்து அவன் எட்டக்கூடிய வேகமோ ஐந்து ஆறுதான். பெரிய அலையானால் அதன் சரிவே மீதியைத் தந்துவிடும். உயரம் பாதியானால் அலையின் சக்தி நாலிலொன்றாகிவிடுமென்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஆகவே மெலிந்த அலையைப் பிடிக்க வேண்டுமானால், அது முதுகைத் தொடும்வரை காத்திராமல் முன்னதாகவே புறப்பட்டாக வேண்டும். இதை எழுந்து சென்று அவனுக்குச் சொன்னோம். சொல்லுகையில் நீர் எமது கணுக்காலைத் தொட்டதை அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த குற்றம் அவனது நிலையில் இருந்தது. கைபேசியிலே மலைபோன்ற அலைகளில் இறங்கும் வீரர்களைப் பார்த்துப் பழகியவனாதலின், அவர்களைப்போலவே பலகையின் பின்கோடியில் நின்றான். செங்குத்தான அலையில் மூக்குக் குத்தாதிருக்க அது வேண்டும். சிற்றலையிலோ பின்புறம் அமிழ்ந்து, தானே தனக்குத் தடைபோட்டாற்போல் ஆகிவிடும். உல்லை இளைஞர் சொல்லிக்கொடுத்த முறை வேறு. வலிக்கும்போது இரு பாதங்களும் பலகையின் நடுவே பக்கம் பக்கமாக இருத்தல் வேண்டும். அலை அணுகுகையில் ஒரு பாதத்தை மட்டும் அரை அடி பின்னே வைத்து, முழங்காலை மடித்து, அலை வாலைத் தூக்கும் கணத்தில் நெஞ்சை முன்னே சாய்த்து, குறுகிய வலிப்புகள் நாலைந்து விரைவாகப் போட வேண்டும். நீண்ட வலிப்புப் பார்வைக்கு அழகானதே. ஆயினும் துடுப்புக் கணுக்காலைத் தாண்டிப் பின்னே போனால் அது பலகையை முன்தள்ளாது. திசையைத்தான் திருப்பும்.

இரண்டாம் நாள் பிற்பகலில் நாம் இறங்கினோம். எவரும் வற்புறுத்தவில்லை. முனைக்கு உட்புறமாக, பாறையில்லாத மணற்றரையில் இடுப்பளவு நீர். இளைஞர் ஒன்றும் பேசாமற் காற்கயிற்றை எமது கணுக்காலிற் கட்டினார். மார்பு அடித்துக்கொண்டது. நீர் வெதுவெதுப்பாக இருந்தது; இத்தனை ஆண்டுகளில் அதையும் மறந்துவிட்டோம் போலும்.

முதலில் மண்டியிட்டுச் சென்றோம். பிறகு எழுந்து நின்றோம், விழுந்தோம். பன்னிரண்டு தடவை வரை எண்ணினோம். பாதத்தைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கும்படி சொன்னார்கள். அது பலித்தது. ஆனால் பலகை மட்டும் நகர மறுத்தது. மருமகன் கைகொட்டிச் சிரித்தான். நாம் துடுப்பைத் தலைமாறிப் பிடித்திருந்தோம். துடுப்பின் அலகு தண்டிலிருந்து சற்றே சாய்ந்திருக்கும். அகப்பையாற் சோறு அள்ளுவதுபோல அதனை எம்பக்கம் வளைத்துப் பிடிக்கவே கை விரும்பும். சரியான முறை அதற்கு மாறானது. சாய்வு முன்னோக்கியிருந்தாற்றான் அலகு நீரில் நிமிர்ந்து நின்று தள்ளும். பட்டதாரி ஆசிரியர் ஒருவர் மருமகனிடம் கற்றுக்கொண்ட பாடம் இது.

மூன்றாம் நாள் விடியுமுன் ஐந்தரை மணிக்கே நீரில் இருந்தோம். மெலிந்த அலைக்குப் பெரும்பகை கொண்டற்காற்று. கிழக்கிலிருந்து முற்பகலில் அது எழுந்துவிட்டால் இருக்கிற அலையும் சிதறிச் சுருக்கம் விழுந்த சீலையாகிவிடும். விடியற்காலையில் தரைக்காற்று மெல்ல எதிர்த்து வீச, முழங்காலளவு அலைகூட முகம் கலையாமல் நிமிர்ந்து வரும். நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். எமது கரைகளில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். பெரிய அலைக்கு அது ஒரு பொருட்டன்று. சிற்றலைக்கோ அதுவே எல்லாம். பெருக்கில் உடையாமற் பருத்துப்போகும் அலை வற்றில் உயிர்பெற்று எழும்.

அன்று மருமகன் ஒரு புதிய பாடத்தைக் கண்டுகொண்டான். அலையைப் பிடித்தவுடன் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிடக் கூடாது. மெலிந்த அலை நடுவழியில் ஆழமான இடத்தில் தளர்ந்துவிடும். படுத்து எழும் சாதாரணப் பலகைக்காரர் அங்கே அமிழ்ந்துபோவர். துடுப்புக்காரனோ இரண்டு வலிப்பில் அத்தளர்ச்சியைக் கடந்து, கரையருகே அலை மறுபடி எழுமிடத்தைச் சேரலாம். திரும்பும்போது பின்காலை ஓங்கி மிதித்தால் உள்ள வேகமும் போய்விடும். போகவேண்டிய இடத்தை நோக்கித் தலையைத் திருப்பி, அந்தப் பக்கத்து நீரில் அலகை இலேசாக ஊன்றி, தேர் வடம் பிடித்துத் திரும்புவதுபோல அகலமாக வளைய வேண்டும். அலை நுரைத்து உடையும் இடமே பலம் உள்ள இடம். அதைவிட்டு வெகுதூரம் முன்னோடினால் திரும்பவும் அதனிடமே வந்தாக வேண்டும்.

ஒன்றைச் சொல்லாது விடுவது முறையாகாது. துடுப்புக்காரர் தொலைவிலேயே அலையைப் பிடித்துவிடக் கூடியவராதலின், ஏனையோருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. அன்று உள்ளே காத்திருந்த சிறுவர் சிலர் முகஞ்சுளித்தனர். அவர்களுடைய கோபம் நியாயமானதே. அலை குறைந்த நாளில் மூன்றில் இரண்டை விட்டுக்கொடுக்கும்படி மருமகனைப் பணித்தோம். கரைவலை இழுக்கும் வேளையில் அப்பக்கமே போகக் கூடாதென்பதையும் அவன் கேட்டுக்கொண்டான்.

நாலாம் நாள் எமக்கும் ஓர் அலை கிடைத்தது. முன்னதாகவே புறப்பட்டோம். வலித்தோம். வால் எழுந்தது. நெஞ்சைச் சாய்த்தோம். அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை; பலகையின் அடியில் நீர் சலசலத்தது மட்டுமே. ஆறு ஏழு விநாடிகள் இருக்கலாம். பிறகு மணலிற் பலகை தட்டித் தலைகுப்புற விழுந்து, வாயில் உப்பும் மூக்கில் மணலுமாக எழுந்தோம். வாடியருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "சேர், மீன் ஏதும் பட்டதா?" என்று கேட்டார்.

அன்றிரவு மருமகன் தாயோடு தொலைபேசியிற் பேசினான். அலை முழங்காலுக்குமேல் எழவில்லையென்று சத்தியஞ் செய்தான். பின்னர் கருவியை எம்மிடம் நீட்டினான்.

"நீயும் இறங்கினயா?" என்று தமக்கையார் கேட்டார்.

"ஓம், அக்கா."

மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. துண்டிக்கப்பட்டதோ என்று எண்ணினோம்.

"தலையை வடிவாத் துடைச்சியா?" என்றார்.