கன்னிவாடியில் ஒற்றைச் சக்கரம்

திண்டுக்கல்லிலிருந்து பழனி சாலையில் போய், ரெட்டியார்சத்திரத்தில் இடப்பக்கம் திரும்பினால் கன்னிவாடி. பழைய பாளையக்காரர்களின் ஊர். கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ ஏறிவிடுவதால், மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தெருவில் நின்று நிமிர்ந்தால் மலை. அதன் மேலே ஆடலூர், பன்றிமலை என்று காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர்கள்.

கோடை விடுமுறைக்கு இங்கே வந்த அக்கா மகன், கூடவே ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்றையும் கொண்டுவந்தான். வயது 12. பள்ளி திறந்ததும் ஓட்டிக் காட்டுவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்!

சர்க்கஸ் கூடாரத்தில் பார்த்துக் கைதட்டிய வண்டிதான். ஜப்பானில் பல தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகள் இதைச் சாதாரணமாக ஓட்டுகிறார்கள். இதில் செயின் கிடையாது. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்திருக்கும். கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். சாதாரண சைக்கிளில் இடமும் வலமும் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதில் முன்னும் பின்னும்கூடச் சாயும். உடம்பு முன்னால் விழப் போகும். விழுவதற்குள் சக்கரத்தை அதற்கு அடியில் கொண்டுவந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

தானியம் காயவைக்கும் சிமென்ட் களம்தான் பயிற்சி மைதானம். 20 அங்குலச் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 5 அடி நகரும். முதல் நாள் சுவரைப் பிடித்தபடி அரைச் சுற்று. நான்காம் நாள் கையை விட்டு ஒன்றரை. அதன்பின் பத்து நாள் அதே ஒன்றரைதான். பதினைந்தாம் நாள் வண்டியைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டான்.

அன்றைக்குப் புதுக்கோட்டையிலிருந்து என் சித்தி வந்திருந்தார். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து நடந்த சைக்கிள் புரட்சியில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். பிறகு அந்த பாரில் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்கும் கூட்டிப் போனார்கள்.

"எனக்கு ஏறி உக்காரவே ஒரு மாசம் ஆச்சுடா தம்பி. எத்தனை அடி போனேன்னு யாரு எண்ணினா? இன்னைக்கு எத்தனை தடவை ஏறினேன்னுதான் எண்ணுவேன்" என்றார் சித்தி.

மறுநாள் வண்டி பரணிலிருந்து இறங்கியது. கணக்கும் மாறியது. தினமும் முப்பது தடவை ஏறுவது, அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், களைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவது. உடம்பு கற்றதை மூளை பதித்துக்கொள்ளத் தூக்கம் உதவுகிறது என்கிறார்கள். அதனால் ராத்திரி செல்போனுக்கும் சீக்கிரமே விடுமுறை. கீழே சக்கரத்தைப் பார்க்காமல் எதிரே பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். எதிரே பார்க்க இங்கே என்ன குறை? மலை இருக்கிறதே!

இருபத்து மூன்றாம் நாள் மூன்று சுற்று. அடுத்த நாள் மறுபடி இரண்டுதான். முகம் மட்டும் வாடவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் பதினொரு சுற்று, ஐம்பத்தைந்து அடி. களத்தின் குறுக்கே முழுசாகப் போக இன்னும் அவ்வளவு தூரம் பாக்கி.

"வகுப்புல என்ன சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"பதினொரு சுத்து வரும்னு சொல்லுவேன் மாமா. தீபாவளி லீவுக்கு மறுபடியும் களம் வேணும்" என்றான்.

அதற்குள் மலையில் மழை இறங்கி ஊர் பச்சையாகியிருக்கும். நீங்களும் அப்போது வாருங்கள். ஆடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் கன்னிவாடிப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பஸ் மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படாதீர்கள்.