லேடாங் அடிவாரத்தில் ஒரு மடக்குக் கத்தி

தங்காக் துணிக்கடைகளைத் தாண்டும்போதே அம்மாவின் கழுத்து பின்பக்கம் திரும்பிவிட்டது. "வரும்போது நிறுத்துறேன்மா" என்று சத்தியம் செய்த பிறகுதான் சாகில் அருவிப் பக்கம் வண்டியை விட முடிந்தது.

அப்பா முன்சீட்டில் பேசாமல் இருந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையில் பிடி போய்விட்டது. அதிலிருந்து வெளியிடங்களில் சாப்பிடுவதில்லை. இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்கக் கூடாதாம். கடையில் கரண்டி கேட்டால் நோயாளி என்று நினைப்பார்களாம்.

அந்த மடக்குக் கத்தியை நான் வாங்கியதே இதற்காகத்தான். கூடாரம் போடுகிறவர்கள் கொண்டு போவது. ஒரு பக்கம் கத்தி, முட்கரண்டி, டின் திறக்கும் கொக்கி. மறுபக்கம் கரண்டி. நடுவில் இழுத்தால் இரண்டு துண்டாகப் பிரியும். புதுசு ஒன்றுமில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே சிப்பாய்கள் இப்படிப்பட்டதை வைத்திருந்தார்கள். 1891இல் கார்ல் எல்சனர் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த கத்தியில் டின் திறப்பான் உண்டு, கரண்டி கிடையாது.

குனோங் லேடாங்கின் உச்சி 1,276 மீட்டர். எங்களுக்கு அருவியோரப் பாறையே போதும். மலை இளவரசி சுல்தான் மாமூட்டிடம் சீதனமாக ஏழு தட்டுக் கொசு இதயம் கேட்டாள் என்பது கதை. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு தட்டாவது தேறும்.

முதலில் நான் சோதித்தேன். டின் சார்டினை இரண்டு நிமிடத்தில் திறந்தது. வெங்காயம் பரவாயில்லை. முட்கரண்டியின் பற்கள் குட்டை, மேகி வழுக்கி ஓடியது. சம்பல் மூட்டுக்குள் புகுந்துகொண்டால் குச்சி வைத்துத்தான் நோண்ட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு அப்படியே மடக்கி வைத்தால் துருப்பிடிக்கும். வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இரண்டாகப் பிரியாத வகையைத் தொடாதீர்கள். கத்தி உள்ளங்கையில் உறுத்திக்கொண்டிருக்க யாரால் நிம்மதியாகச் சோறு தின்ன முடியும்?

அப்பா கத்தித் துண்டை வாங்கி, கட்டை விரலைக் கூரின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தார். "மொக்கை" என்றார். தொழில்காரர் தீர்ப்பு.

தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை அவர் முன் வைத்துக் கரண்டித் துண்டை நீட்டினேன். அம்மா வேண்டுமென்றே அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கரண்டியைச் சோற்றில் இறக்கி, சட்டியின் ஓரத்தில் தள்ளினார். கரண்டி சட்டென்று மடங்கி, சோறு மடியில் கொட்டியது. இதற்குப் பூட்டு கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். இடது கையால் தள்ளும் திசையும் அது மடங்கும் திசையும் ஒன்று. வலது கைக்காரனான எனக்கு அது மடங்கவேயில்லை. செய்தவனுக்கு இடது கை ஞாபகம் வரவில்லை போலும்.

எனக்கு முகம் வெந்துபோனது. கரண்டியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. முழங்காலில் அழுத்தி மறுபடி விரித்தார். சட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, தள்ளுவதற்குப் பதிலாகத் தன் பக்கமாக இழுத்தார். மடங்கவில்லை. சட்டி காலியாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும்போது இரண்டு துண்டையும் சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பையில வேணாம்பா. தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல ஆயுதம் வச்சிருந்தா குத்தம். 1958லேயே சட்டம் இருக்கு."

"சோறு திங்கிறதுக்கு எதுக்குடா சட்டம்?"

கத்தித் துண்டைப் பிடுங்கிச் சமையல் சாமான்களோடு பின்னால் வைத்துக் கட்டினேன். விமானத்தில் போகிறவர்களும் இதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும்.

தங்காக்கில் அம்மா துணிக்கடைக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்:

"பசிக்குது. போவோமா?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.