வாசலில் ஒரு சாவிப் பெட்டி
(லெஸ்டர் நகரில் கண்ட வீட்டுப் பராமரிப்பு)

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, லெஸ்டர் வந்துவிடும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், சோர் என்ற ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் குளிர் முகத்தில் அறைகிறது. ஆனால் பெல்கிரேவ் ரோடு பக்கம் போய்விட்டால் குளிரே மறந்துபோகும். வரிசையாகப் புடவைக் கடை, நகைக் கடை, ஜிலேபி பிழிகிற கடை! 'கோல்டன் மைல்' என்று அதற்குப் பெயர். 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய இந்தியக் குடும்பங்கள் பலவும் இங்கே வந்துதான் வேர் பிடித்தன. தீபாவளி சமயத்தில் அந்த ரோடு முழுக்க விளக்கு அலங்காரம்.

ஆனால் சகோதரிகளே, நான் சொல்ல வந்தது கடைத்தெருவைப் பற்றி அல்ல. சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல நிற்கும் தெருக்களில் நடந்து போகும்போது, சில வீட்டு வாசல்களில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில், உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பெட்டி பதித்திருக்கும். நம்பர் பூட்டு போட்டது. உள்ளே வீட்டுச் சாவி. எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாத ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்து போகிறார் என்று அர்த்தம்.

அப்படி ஒரு பெட்டி என் அக்கா வீட்டு வாசலிலும் வந்துவிட்டது.

அத்தான் வீடு திரும்பினார்

அத்தானுக்குப் பக்கவாதம். வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. விழுங்குவதும் சிரமம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மறுபடி தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளப் பழக்குவதற்கென்று அரசாங்கச் செலவிலேயே ஆட்கள் வந்தார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு ஆறு வாரம் வரை இந்த உதவி இலவசம். அதற்குப் பிறகு? வசதியைக் கணக்குப் பார்த்து நகரசபை கொஞ்சம் கொடுக்கும். இல்லையென்றால் கைக்காசு போட்டு ஏஜென்சி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்காவுக்கு எழுபது வயசு. "கட்டினவரை யாரோ வந்து குளிப்பாட்டறதாவது! நானே பார்த்துக்கறேன்டி" என்றாள். அவளுடைய இடுப்பு வலி எனக்குத் தெரியாதா? அத்தானைத் தூக்கப் போய் இரண்டு பேருமாக விழுந்தால் யார் எடுப்பது? "அக்கா, அவருக்குப் பொண்டாட்டியா நீ இரு. தூக்கறதுக்கு வேற ஆள் வைப்போம்" என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

மார்க் போடும் கமிஷன்

இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிடுகிற ஏஜென்சி எதுவானாலும் 'கேர் குவாலிட்டி கமிஷன்' என்ற அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். 2009 முதல் இது இயங்குகிறது. பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்களா, வேலை பலன் தருகிறதா, அன்பு இருக்கிறதா, கேட்டதற்குச் செவி சாய்க்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்விகள் வைத்துச் சோதிக்கிறார்கள். பிறகு 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்று நாலில் ஒன்றைத் தருகிறார்கள். அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அப்பாடா, பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அக்கா பெண் சிரித்தாள். "சித்தி, மார்க்கை மட்டும் பார்க்காதீங்க. தேதியையும் பாருங்க." அவள் சொன்னது நியாயம்தான். இந்தக் கமிஷனையே அரசாங்கம் ஆராய்ந்தபோது, அது சோதிக்க வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒரு தடவைகூட மார்க் போடவில்லை என்று 2024-ல் தெரியவந்தது. சில இடங்களில் மார்க் பல வருஷம் பழசு. ஆக, மார்க் தொடக்கப் புள்ளிதான். மீதியை வீட்டுப் பெண்மணிதான் பார்க்க வேண்டும்.

இரண்டு ஏஜென்சிகள்

முதல் ஏஜென்சிக்குப் போன் செய்தோம். தேனாகப் பேசினார்கள். "நாளைக்கே ஆள் அனுப்புகிறோம்" என்றார்கள். நோயாளிக்கு என்ன என்று கேட்கவே இல்லை! எவ்வளவு நேரம் இருப்பார் என்றால், "காலையில் பதினைந்து நிமிஷம்."

பதினைந்து நிமிஷத்தில் என்ன செய்ய முடியும்? கோட்டைக் கழற்றி, கை கழுவவே ஐந்து நிமிஷம் போய்விடும். அரை மணிக்குக் குறைந்த வருகையெல்லாம், ஏற்கெனவே பழகின ஆள் வந்து மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போவது போன்ற சின்ன வேலைக்குத்தான் என்று அந்த நாட்டு 'நைஸ்' அமைப்பே 2015-ல் வழிகாட்டியிருக்கிறது.

இரண்டாவது ஏஜென்சி மேனேஜர் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் பேசுவதற்கு முன் அத்தானுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். பதில் வரும் வரை அவசரப்படாமல் காத்திருந்தார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், குளித்த பிறகுதான் காபியா, சாமி கும்பிடும் வழக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பாத்ரூமுக்குப் போகும் வழியில் கிடந்த சின்னக் கம்பளத்தைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துவிடுங்கள், தடுக்கும்" என்றார். ஒன்றரை மணி நேரம் இருந்தார். அக்கா என் காதில், "இவங்களே வரட்டும்டி" என்றாள்.

நாங்களும் விடவில்லை, ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதி வைத்திருந்தோம். அதில் ஒன்று, 'ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரத்துக்கும் ஊழியருக்குச் சம்பளம் உண்டா?' நமக்கென்ன அந்தக் கவலை என்று தோன்றும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லாவிட்டால் அந்தப் பெண் நம் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பத்தான் பார்ப்பாள்!

டீயில் வந்த சோதனை

அத்தானுக்கு விழுங்குவது சிரமம் என்றேனே, தண்ணீர், டீ எதுவானாலும் அதற்கென்று உள்ள பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நீர்க்கக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். வழக்கமாக வருகிற பெண்ணுக்கு இது அத்துப்படி. கோட்டயத்துப் பெண்; அக்காவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் லீவு எடுத்த ஒரு நாள் புது ஆள் வந்தாள். வீட்டில் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தைப் புரட்டவே இல்லை. சாதா டீயைக் கலந்து வாயில் வைத்துவிட்டாள். அத்தான் இருமின இருமலில் முகம் சிவந்துவிட்டது. அக்கா ஓடிப்போய்க் கோப்பையைப் பிடுங்கினாள். நல்ல வேளை, ஒரு வாய்தான் உள்ளே போயிருந்தது.

உடனே ஏஜென்சிக்குச் சொன்னோம். மேனேஜர் மழுப்பவில்லை. டாக்டருக்குத் தகவல் சொல்லி, காய்ச்சலோ மூச்சு வாங்கலோ வருகிறதா என்று கவனிக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே நேரில் வந்து, "எங்கள் தவறு" என்று மன்னிப்புக் கேட்டு, நடந்ததை எழுத்தில் கொடுத்தார். மாற்று ஆள் வருவதானால் முதல் நாளே பழைய பெண்ணோடு வந்து பழக வேண்டும் என்று ஏற்பாடும் செய்தார். அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அந்த ஏஜென்சியை விடவும் இல்லை. "தப்பு எல்லாரும் பண்ணுவா. மூடி மறைக்கிறாளா, திருத்திக்கிறாளான்னுதான் பார்க்கணும்" என்றாள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும். பெரியவர்களுக்கானாலும் சரி, பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆள் வைப்பதானாலும் சரி.

1. ஆள் அனுப்புமுன் யாராவது வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்ப்பார்களா?

2. ஊழியரின் பின்னணியையும் பழைய வேலை இடத்தையும் விசாரித்திருக்கிறார்களா? என்ன பயிற்சி, யார் கொடுத்தது?

3. வாரத்தில் எத்தனை புது முகங்கள் வரும்? வழக்கமான ஆள் வராவிட்டால் யார், எத்தனை மணிக்குள்?

4. வந்த நேரம், போன நேரம், கொடுத்த மருந்து, சாப்பிட்ட அளவு தினமும் எழுதப்படுமா? அதை நாம் படிக்கலாமா?

5. கட்டணம், செய்யும் வேலை, செய்யாத வேலை, நிறுத்துவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ்: எல்லாம் எழுத்தில் உண்டா?

6. ராத்திரி பத்து மணிக்கு அவசரம் என்றால் போனை எடுப்பது யார்?

7. ஏற்கெனவே இவர்களிடம் ஆள் வைத்திருக்கிற இரண்டு குடும்பங்களிடம் பேசலாமா?

ஆள் வந்த பிறகும் கண் வையுங்கள். குதிகாலும் பின்புறமும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் முதலில் தலைகாட்டும். சாப்பிட்ட பிறகு அரை மணியாவது நிமிர்த்தி உட்கார வைக்கிறாரா என்று கவனியுங்கள். ஊழியர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, தலைக்கு மேலே உங்களிடமே பேசுகிறாரா? அந்த ஆள் வரும் நேரத்தில் நோயாளியின் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? எந்தக் கமிஷன் போடும் மார்க்கையும்விட இது பெரியது.

ஒன்று மறக்காதீர்கள். வருகிறவளும் ஒரு வீட்டுப் பெண்தான். தன் குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு நம் வீட்டுப் பெரியவரைப் பார்க்க வருகிறாள். நேரத்துக்கு ஒரு வாய் காபி, மரியாதையாக ஒரு வார்த்தை. கணக்காகக் கேளுங்கள், கனிவாக நடத்துங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பராமரிப்பு நிலைக்கும்.