கையால் இட்டால் ஓடுகிறது



நமது வீரகேரளம்புதூர் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் கரையானுக்கும் சாரல் ஈரத்துக்கும் தப்பி நம் கைக்கு வந்தவை. பள்ளிச் சான்றிதழ் இல்லாத முதியோர் சிலருக்குத் தம் வயதைக் காட்ட அவற்றிலுள்ள ஒரு வரியே ஆதாரம். பக்கங்களையெல்லாம் படமெடுத்துக் கணினியில் ஏற்றிய பணி முடிந்ததை அறிவீர்கள். அந்தக் கணினியே கெட்டுப்போனால்? வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர், நாள்தோறும் இரவு 2 மணிக்கு அக்கோப்புகள் தாமாகவே ஒரு தனி ஹார்டு டிஸ்கில் நகலாகும்படி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார்.

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கிக் கணினியிடம் சேர்க்கும் இடையாள். அக்கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சீட்டே ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் சீட்டை எடுத்துக் கொடுக்கிற காவலாளிக்கு க்ரான் என்று பெயர்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் டிஸ்கில் ஒரு கோப்பும் இல்லை. தம்பி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினார். அனைத்தும் பிசகின்றி ஓடின. "ஐயா, கையால் இட்டால் ஓடுகிறது, தானாக ஓட மாட்டேன் என்கிறது" என்றார்.

ஸ்கிரிப்ட் பிழையை வாய்திறந்து சொல்லாமல் இருக்கவில்லை. க்ரான் அதன் முறையீட்டை அஞ்சலாக அனுப்ப முயன்றது; அஞ்சல் மென்பொருள் அந்தக் கணினியில் இல்லாததால், ஒவ்வோர் இரவும் எறிந்துவிட்டது. ஆகவே தம்பி முதலில் அந்த வார்த்தைகள் ஒரு கோப்பில் விழும்படி செய்தார். பிறகு, க்ரான் எந்தச் சூழலில் இயங்குகிறது என்பதை அதனையே எழுதச்சொல்லி, தம் திரையில் உள்ள சூழலோடு அருகருகே வைத்து ஒப்பிட்டார். கட்டளையைச் சந்தேகிக்காமல் அதைச் சூழ்ந்திருப்பதைச் சந்தேகித்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

வேறுபாடுகள் மூன்று தெரிந்தன. நிரல்களை எங்கெங்கே தேடுவது என்னும் பட்டியல் தம்பிக்கு நீளமானது. க்ரானுக்கோ இரண்டே கோப்புறைகள். படங்களைச் சுருக்கும் சிறு நிரலைத் தம்பி தமது சொந்தக் கோப்புறையில் வைத்திருந்தார். அது க்ரானின் கண்ணுக்கு எட்டவில்லை. அடுத்தது, தம்பி பதிவேட்டுக் கோப்புறைக்குள் நின்று கட்டளையிட்டார். க்ரான் வீட்டு வாசலில் நின்று தொடங்கியது. முழு முகவரி இல்லாத பெயர்கள் அங்கே பொருளற்றுப் போயின. மூன்றாவது, இடையாளே வேறு ஆள். தம்பியின் திரையில் இருந்தது பாஷ். 2006இல் வந்த 6.10 பதிப்பு முதல் உபுண்டுவில் 'எஸ்எச்' என்று அழைத்தால் வருவது டாஷ் என்னும் எளிய ஷெல். எந்த ஷெல் வேண்டும் என்று ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறிப்பிடாததால் க்ரான் டாஷிடம் கொடுத்துவிட்டது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதிய நிபந்தனை அதற்குப் புரியவில்லை.

(பாஷ் என்ற பெயரைப் பற்றி ஒன்று. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் ஷெல்லை எழுதியவர் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் போர்ன். அதற்கு மாற்றாக 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்டதற்கு 'போர்ன் அகெய்ன் ஷெல்' என்று பெயர். மறுபடியும் பிறந்தவர் என்ற சொல்லின் மேல் வைத்த சிலேடை! தம்பி இதைச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.)

மூன்றையும் திருத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்துப் பார்த்தோம். நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் மீண்டும் ஒன்றும் இல்லை.

இது ஆடி மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றில் அன்றிரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழுந்தது. ஆனால் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைய அங்கே யாரும் இல்லை. வெளியே செருகிய டிஸ்கைத் திரைச்சூழல் தானாக இணைத்துக்கொள்வது ஒருவர் உள்ளே நுழைந்த பிறகுதான். பிழையைத் தேடித் தம்பி நாற்காலியில் அமர்ந்தபோதெல்லாம் டிஸ்க் இணைந்தது, பிழையும் மறைந்தது. அவர் சோதித்தது தாம் இல்லாத இரவை அன்று. தாம் இருக்கிற பகலையே. "நான் பார்க்கும்போது பிள்ளை நன்றாய்த்தான் இருக்கிறான் ஐயா" என்று என்னிடம் வந்து சொல்லும் பெற்றோரின் முகங்கள் சில அப்போது மனதில் வந்து போயின.

யாரும் நுழையாமலே டிஸ்க் இணையும்படி இப்போது கணினியின் தொடக்கப் பட்டியலில் எழுதியாயிற்று. அதைவிட முக்கியமானது, டிஸ்க் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஒரு வரி. அது இல்லையேல், டிஸ்குக்கென வைத்த வெற்றுக் கோப்புறையிலேயே நகல் போய் விழும். 'முடிந்தது' என்ற செய்தியும் வரும். ஆனால் மூலமும் நகலும் ஒரே கணினிக்குள் கிடக்கும், அது கெட்டால் இரண்டும் போகும். ஓடாத ஸ்கிரிப்டைவிட இதுவே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அந்த டிஸ்கை ஆலய அலுவலகத்தில் வேறொரு கணினியில் இணைத்து, பக்கங்கள் திறக்கின்றனவா என்று பார்க்க இருக்கிறோம். தங்கள் குடும்பத்தின் வரி எந்த ஆண்டில் உள்ளது என்று அறிந்தவர்கள் வந்திருந்து, அந்தப் பக்கத்தைக் கேட்டுத் திறந்து பாருங்கள்.